பாதத்துக்கும் தரைக்கும் நடுவில்

"எப்படி இருக்குதுங்ணா?" என்று நிஜாம் இரண்டாவது தடவையாகக் கேட்டான்.

கேள்வி என்னவோ சின்னதுதான். காப்பி எப்படி இருக்கிறது, கல்யாணச் சாப்பாடு எப்படி இருந்தது என்றெல்லாம் கேட்டால் பதில் நாக்கு நுனியில் வந்து நிற்கும். இதற்கு மட்டும் திருமூர்த்திக்கு ஒன்றும் வரவில்லை. கோயமுத்தூர் காந்திபுரத்தில், ஓடுகிறவர்களுக்கென்றே ஷூ விற்கிற ஒரு கடையின் மாடியில், சாம்பல் நிறப் புது ஷூவை இரண்டு காலிலும் மாட்டிக்கொண்டு, ஆளுயரக் கண்ணாடிக்கு முன்னால் முழித்துக்கொண்டு நின்றான். கண்ணாடிக்குள் நின்ற நாற்பத்தெட்டு வயது ஆளும் முழித்தான். அவனாவது பதில் சொல்லமாட்டானா என்றிருந்தது. எப்படி இருக்கிறது. எது எப்படி இருக்கிறது? ஷூவா, காலா? ஷூ எப்படி என்றால் சொல்லிவிடலாம், போட்டிருப்பதே தெரியவில்லை என்று. அந்த வாக்கியம் வாய்வரைக்கும் வந்தது. அங்கேயே நின்றது. போட்டிருப்பதே தெரியவில்லை என்பது ஷூவுக்குப் பாராட்டு, காலுக்கு? நிஜாம் நல்ல மனிதன், முப்பத்தைந்து வயதிருக்கும், தானே நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடுகிறவன், அரைமணி நேரமாகத் தரையில் ஒற்றை முட்டிபோட்டு உட்கார்ந்து ஒவ்வொரு பெட்டியாகப் பிரித்துக்கொண்டிருக்கிறான். அவனைக் காக்கவைப்பது மரியாதை இல்லை. "இருக்குதுங்க, நல்லாத்தான் இருக்குது" என்றான் திருமூர்த்தி. சொன்னபிறகுதான், அந்த 'தான்' எங்கிருந்து வந்தது என்று யோசிக்க ஆரம்பித்தான்.

"நல்லாத்தான்னா பத்தாதுங்ணா. நடந்து பாருங்க. தரை தெரியணும். அதுதான் இந்த மாடலோட விசேஷமே. பழைய மாடல்ல குதிகால் முன்பாதத்தை விடப் பன்னெண்டு மில்லி உசரம், அடியில அவ்வளவு மெத்தை. இதுல நாலே மில்லி. கனமும் பாதிதான். ஓடுறப்ப கீழ இருக்கறது மண்ணா, சிமெண்டா, கல்லான்னு பாதத்துக்கே தெரிஞ்சிரும்." தரை தெரியணும். சரியாக அதற்குத்தான் அவன் வந்திருந்தான். நிஜாம் அதை இவ்வளவு சத்தமாகச் சொல்லியிருக்க வேண்டாம். பின்னால் பெஞ்சில் மனைவி கலாமணி உட்கார்ந்திருக்கிறாள், மடியில் துணிப்பைக்குள் மிக்ஸி ஜாடி, பிளேடு சுற்றவில்லை, அடுத்த தெருவில் ரிப்பேருக்குக் கொடுக்க வேண்டும், அதற்காகத்தான் கூடவே வந்தாள். அப்படித்தான் அவன் நம்பிக்கொண்டிருந்தான். பன்னிரண்டு மில்லி, நாலு மில்லி என்று நிஜாம் சொல்வது திருமூர்த்திக்குக் கொஞ்சம் சிரிப்பாகக்கூட இருந்தது. பம்புசெட் கம்பெனியில் இருபத்தாறு வருஷமாகச் சரிபார்க்கிற வேலை செய்கிறவனிடம் வந்து மில்லி கணக்கு! லேத்திலிருந்து இறங்கின ஷாஃப்டைக் கையில் எடுத்து, கண்ணை மூடி, கட்டைவிரலை ஒரு இழுப்பு இழுத்தானென்றால் நூறில் ஒரு பங்கு மில்லி மேடு இருந்தாலும் விரல் நின்றுவிடும். கம்ப்யூட்டர் வைத்த அளவுக் கருவியெல்லாம் வந்தாயிற்று, இருந்தும் சந்தேகம் வந்தால் மேனேஜர் 'மூர்த்தியைக் கூப்பிடு' என்கிறார். கைவிரல் அப்படி. அதே உடம்புதானே, அதே ரத்தம், அதே நரம்பு, விரலிலிருந்து இரண்டடி கீழே போவதற்குள் என்ன ஆகிவிடப்போகிறது? ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருக்காது. எல்லாம் அந்தத் தடி ஷூ செய்கிற வேலை.

தடி ஷூவைத்தான் அவன் ஆறு மாதமாகக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தான், மனதுக்குள். ஆறு வருஷத்துக்கு முன்னால் சர்க்கரை இருக்கிறது என்று டாக்டர் சொன்ன மறுவாரமே ரேஸ்கோர்ஸில் நடக்க ஆரம்பித்தவன், நடை ஓட்டமாகி, ஓட்டம் பத்துக் கிலோமீட்டராகி, இப்போது விடிகாலை ஐந்தரைக்கு அந்தச் சாலையில் கால் வைக்காத நாள் நாளாகவே இல்லை என்கிற அளவுக்கு வந்துவிட்டான். முதல் நாளிலிருந்து ஒரே மாதிரி ஷூ. அடிப்பாகம் கேக் மாதிரி உப்பலாக இருக்கும், தேயத்தேய அதே மாடலில் இன்னொன்று. போன மார்கழியில் ஒருநாள் குளித்துவிட்டு வந்து வெறுங்காலோடு கூடத்தில் நின்றபோது, சாக்ஸைக் கழற்ற மறந்துவிட்டோமே என்று குனிந்தான். சாக்ஸ் இல்லை. வெறும் கால்தான். ஆனால் இருந்தது, ஏதோ ஒன்று இருந்தது, மெல்லிசாக ஒரு துணி, பாதத்துக்கும் தரைக்கும் நடுவில். அன்றைக்குப் பூராவும் அந்த இல்லாத துணியை அவன் தேய்த்துத் தேய்த்துக் கழற்றப் பார்த்தான். அப்புறம் ஒருநாள் கேட்வரைக்கும் போய் பால் பாக்கெட் எடுத்துவிட்டுத் திரும்பினால், வழியில் ஒற்றைச் செருப்பு கிடக்கிறது. யாருடையது இது, நம்முடையது மாதிரியே இருக்கிறதே என்று பார்த்தவன் அப்புறம்தான் தன் காலைப் பார்த்தான். கலாமணி வாசலில் நின்று விழுந்து விழுந்து சிரித்தாள். அவனும் சிரித்தான். அவள் சிரிப்பை நிறுத்தின பிறகும் அவன் சிரித்துக்கொண்டிருந்தான், நிறுத்தினால் யோசிக்க வேண்டியிருக்கும். கூட ஓடுகிற பழனியப்பன்தான் வழி சொன்னான்: "மெத்தை மேலயே ஓடுனா பாதம் தூங்கிப்போயிருமப்பா. லேசான ஷூவுக்கு மாறு, தன்னால முழிச்சுக்கும்." அவன் வேறு எதையோ பற்றித்தான் சொன்னான், தன் கெண்டைக்கால் வலியைப் பற்றி. திருமூர்த்தி அதை அப்படியே எடுத்து வைத்துக்கொண்டான். தூங்குகிறது, அவ்வளவுதான். தூங்குவது முழித்துக்கொள்ளும். லேசான ஷூவில் தரை தெரிந்துவிட்டால் காலில் ஒன்றுமில்லை, டாக்டரிடம் போகவேண்டியதில்லை, ஓடுவதை யாரும் நிறுத்தச் சொல்லமாட்டார்கள். தெரியாவிட்டால்? இந்த இடத்துக்கு வந்ததும் அவன் யோசனை எப்போதும் போல வேறு பக்கம் திரும்பிக்கொண்டது.

நடந்தான். பெட்டிகள் அடுக்கின இரண்டு வரிசைக்கு நடுவில் இருபது அடி நீளத்துக்குச் சந்து மாதிரி இடம், பாதிவரைக்கும் பச்சை ரப்பர் விரிப்பு, மீதி பளபளவென்று டைல்ஸ். விரிப்பிலிருந்து டைல்ஸுக்கு மாறுகிற இடத்தில் கவனம் வைக்க வேண்டும், வித்தியாசம் தெரிகிறதா பார்க்க வேண்டும் என்று முடிவு பண்ணிக்கொண்டு போனான். இதோ வருகிறது, இதோ, மாறியது. தெரிந்தது! தெரிந்ததா? கண்ணுக்குத் தெரிந்தது. பச்சை முடிந்து வெள்ளை வந்ததைக் கண் பார்த்தது. காலுக்குத் தெரிந்ததா என்று கேட்டால், ஏதோ ஒன்று முட்டிக்கு வந்து சேர்ந்தது, ஒரு அதிர்வு, அது பாதம் வழியாக வந்ததா அல்லது எலும்பு வழியாக நேரே வந்துவிட்டதா. திரும்பி நடந்தான். இந்தத் தடவை மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டே. ஃபேனைப் பார்த்தால் எப்போது விரிப்பு வந்தது என்று தெரியவில்லை. ஆனால் ஷூவின் சத்தம் மாறியது. சத்தம் மாறினது காதுக்குத் தெரிந்தது. காதையும் கண்ணையும் எங்கே கொண்டுபோய் வைப்பது? தரை தெரிவதென்றால் என்ன என்றே இப்போது மறந்துபோன மாதிரி இருந்தது. பள்ளிக்கூடத்தில் வெறுங்காலோடு நானூறு மீட்டர் ஓடினானே, அப்போது சரளைக்கல் குத்தும், சூடு ஏறும், ஈரமண் விரலிடுக்கில் பிதுங்கும், அதெல்லாம் தெரிந்தது. அது தெரிந்ததென்று இப்போது தெரிகிறது. அப்போது யாராவது 'எப்படி இருக்கிறது' என்று கேட்டார்களா? கேட்கவில்லை. கேட்டிருந்தால் கேட்கிறவனைப் பைத்தியம் என்றிருப்பான். உணர்கிறோமா, உணர்வதாக நினைத்துக்கொள்கிறோமா என்று இவ்வளவு நேரம் நின்று யோசிக்க வேண்டியிருப்பதே நல்ல அறிகுறி இல்லை. இல்லை, அப்படியும் இல்லை. எதையும் உற்றுக் கவனித்தால் காணாமல்தான் போகும். தூக்கம் வருகிறதா என்று கவனித்தால் தூக்கம் வராது இல்லையா, அந்த மாதிரி.

திருமூர்த்தி பொய் சொல்லுகிறவன் இல்லை. பொய்க்குப் பக்கத்து வீட்டில் குடியிருக்கிறவன், அவ்வளவுதான். சித்திரையில் வார்டு சமுதாயக் கூடத்தில் சர்க்கரை முகாம் நடந்தபோது நடந்ததைக்கூட அவன் பொய்க் கணக்கில் சேர்த்துக்கொள்ளவில்லை. வெள்ளைக் கோட்டுப் போட்ட நர்ஸம்மா ஒருத்தி, கையில் பேனா மாதிரி ஒரு குச்சி, அதன் நுனியில் தூண்டில் நரம்பு மாதிரி ஒரு துண்டு. "கண்ண மூடிக்கோங்க அய்யா. இதை வச்சு பாதத்துல பத்து இடத்துல தொடுவேன். தெரியறப்ப ஆமான்னு சொல்லுங்க." கண்ணை மூடினான். மூடினான் என்றால், முக்கால்வாசி. இமைக்குக் கீழே ஒரு கோடு வெளிச்சம் விட்டுவைத்தான். அந்தக் கோட்டில் நர்ஸம்மாவின் முழங்கை தெரிந்தது. முழங்கை முன்னால் போனால் ஆமா. போனால் ஆமா. "ஆமா... ஆமா... ஆமாங்க..." பத்துக்குப் பத்து. "வெரிகுட் அய்யா, பாதம் பிரமாதமா வச்சிருக்கீங்க" என்று அட்டையில் டிக் அடித்துக் கொடுத்தாள். பரீட்சையில் எட்டிப்பார்த்துப் பாஸான மாதிரி ஒரு சந்தோஷம், அதைவிட வெட்கக்கேடு, அந்தச் சந்தோஷம் நிஜமாகவே வந்தது. வரும் வழியெல்லாம் கலாமணியிடம் பத்துக்குப் பத்து என்று சொல்லிக்கொண்டு வந்தான். அவள் "ம்" என்றாள். வலது காலில் நாலைந்து இடம் தெரிந்தது, அது சத்தியம். இடது காலில்? முழங்கையைப் பார்த்துக்கொண்டிருந்ததில் காலைக் கவனிக்க விட்டுப்போயிற்று. பார்க்காமலிருந்தாலும் தெரிந்திருக்கும் என்றுதான் இதுவரைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறான். பார்க்காமல் இருந்திருந்தால் தெரிந்திருக்குமா என்பதைப் பார்த்துவிட்டவன் எப்படித் தெரிந்துகொள்வது? இந்தக் கேள்விக்கு நாலு மாதமாக விடை கிடைக்கவில்லை.

"ஏனுங்க, புடிச்சிருந்தா எடுத்துக்கோங்களேன். மணி பன்னெண்டாகப்போகுது, மிக்ஸிக் கடைக்காரன் சாப்பாட்டுக்குப் போயிருவான்" என்றாள் கலாமணி. பன்னிரண்டு மணி. அந்த மணிக்கும் அவனுக்கும் ஆகாது. பேரூர்க் கோயில் வெளிப் பிராகாரம், பங்குனி மாசத்து உச்சி வெயில், கருங்கல் தளம் தோசைக்கல்லாகக் காய்ந்து கிடக்கிறது. போடுகிற சணல் விரிப்பும் அன்றைக்கு எங்கோ துவைக்கப்போயிருந்தது. ஆண் பெண் அத்தனை பேரும் குதித்துக் குதித்து நிழல் தேடி ஓடுகிறார்கள். அவனும் ஓடினான், அப்போது அவனுக்கு இருபத்தாறு வயது, கல்யாணமாகி ஆறு மாதம், கலாமணி புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு 'அய்யோ அய்யோ' என்று முன்னால் ஓடுகிறாள். தூண் நிழலில் நின்று திரும்பிப் பார்த்தால் அப்பா வந்துகொண்டிருக்கிறார். நடந்து. நிதானமாக. கையைக் கூப்பிக்கொண்டு, உதட்டில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு, மார்கழிப் பனியில் நடக்கிறவர் மாதிரி. பக்கத்தில் நின்ற ஒரு அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "பாருங்க, எப்பேர்ப்பட்ட பக்தி! சாமியே தாங்கிக்குது." திருமூர்த்திக்குப் பெருமையில் கண் கலங்கிவிட்டது. அப்பாவை ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை, மில்லில் பஞ்சுப் பேலைத் தூக்கிப்போட்டுவிட்டு வந்து திட்டுகிற அப்பாவா இவர் என்று பார்த்துக்கொண்டே நின்றான். அப்பாவும் அந்த அம்மாள் சொன்னதைக் கேட்டார். மறுக்கவில்லை. இன்னும் கொஞ்சம் மெதுவாகக்கூட நடந்த மாதிரி ஞாபகம். சாயங்காலம் அம்மாதான் பார்த்தாள், இரண்டு உள்ளங்காலும் தோல் பொங்கி நீர் கோத்துக் கிடந்ததை. அப்பாவுக்கு அதுவரைக்கும் தெரியாது. வலிக்கலீங்களா என்று கேட்டதற்கு 'என்ன வலி' என்றார். அப்புறம் புண், அப்புறம் ஒரு விரல், அப்புறம் முழங்காலுக்குக் கீழே. கட்டு மாற்றினதெல்லாம் கலாமணிதான், ஆறு மாதக் கல்யாணப் பெண், மூக்கைச் சுளிக்காமல் மாற்றினாள். அந்த அம்மாள் இன்றைக்கும் யாரிடமாவது அந்தப் பக்தியைச் சொல்லிக்கொண்டிருப்பாளோ என்னவோ. அப்பாவுக்குச் சர்க்கரையைப் பற்றி ஒன்றும் தெரியாது, இவனுக்குத் தெரியும், அதனால் இது வேறு. வேறுதான். அப்பா ஓடினதில்லை, இவன் ஓடுகிறான். ஓடுகிறவன் காலுக்கு எப்படி அப்படி வரும்?

"லேசா ஒரு ஓட்டம் ஓடிப் பாருங்ணா, இங்கயே" என்றான் நிஜாம். ஓடினான். இருபது அடிதான், போய்த் திரும்பி, போய்த் திரும்பி. ஆகா, கனமே இல்லை, கால் தானாக மேலே வருகிறது, பழைய ஷூவில் ஓடினால் தொப்புத் தொப்பென்று மூட்டை விழுகிற சத்தம் வரும், இதில் ஒன்றுமில்லை. இல்லை, ஒரு சத்தம் வருகிறது. நெறுக். மறுபடியும் நெறுக். டைல்ஸில் மணல் கிடக்கிறதா, மேலே யாராவது வெளியிலிருந்து மண்ணோடு வந்திருப்பார்கள். அது முக்கியமில்லை. முக்கியமானது இப்போதுதான் நடந்தது: கடிக்கிறது! வலது கால் சுண்டுவிரல், ஓரத்தில், சந்தேகமே இல்லாமல் கடிக்கிறது. அவன் நின்றுவிட்டான். முன்னால் சாய்ந்து விரலை அழுத்திப் பார்த்தான். கடிக்கிறது, இன்னும் நன்றாகக் கடிக்கிறது. வலி இவ்வளவு இனிப்பான சமாசாரம் என்று அவனுக்கு இத்தனை வருஷமாகத் தெரியாமல் போயிற்றே. ஆறு வருஷம் மெத்தை ஷூ போட்டும் ஒருநாள் இப்படிக் கடித்ததில்லை. முழித்துக்கொண்டது! பழனியப்பன் வாயில் சர்க்கரை போட வேண்டும், சர்க்கரை வேண்டாம், வேறு ஏதாவது. "நிஜாம், வலது கால் சுண்டுவிரல் கடிக்குதுங்க" என்று அவன் சொன்ன சந்தோஷத்தைப் பார்த்து நிஜாமே ஒருகணம் குழம்பிப்போனான். குறை சொல்லுகிற முகமா அது? "இடதுங்ணா?" என்றான். "இடது பிரமாதம்" என்றான் திருமூர்த்தி. "இடது அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்குது. ஒரு உறுத்தல் இல்ல, ஒண்ணும் இல்ல. அந்தக் காலுக்கு மாத்தவே வேண்டாம்."

சிலருக்குக் கால் ரெண்டும் ரெண்டு அளவு இருக்குமுங்ணா, அரைச் சைஸ் கூடப் போட்டுப் பார்க்கலாம் என்று நிஜாம் அலமாரிப் பக்கம் போனான். திருமூர்த்தி பெஞ்சில் கலாமணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். எதிரே தரையில் மூன்று பெட்டி: தன்னுடைய பழைய மாடலின் புது வரவு, தடித்து, நம்பிக்கையாக, பழைய நண்பன் மாதிரி, நடுவாந்தரமாக ஒன்று, காலில் இருப்பது மூன்றாவது. டாக்டரிடம் போனால் அவர் சர்க்கரைக்காரர்களுக்கென்று ஒரு செருப்பு எழுதிக் கொடுப்பார், ரப்பர் செருப்பு, பின்னால் வார் வைத்தது, அப்பா கடைசிக் காலத்தில் இருந்த ஒரு காலுக்குப் போட்டுக்கொண்டிருந்தாரே அது. ஓடாதீங்க, நடங்க போதும் என்பார். நடப்பதற்கும் ஓடுவதற்கும் என்ன வித்தியாசம் என்று அவருக்குத் தெரியுமா? விடிகாலை ஐந்து ஐம்பதுக்கு, மூன்றாவது கிலோமீட்டர் தாண்டினதும், மூச்சும் காலும் ஒன்றாகச் சேர்ந்துகொள்கிற ஒரு இடம் வரும், அங்கே பம்புசெட் இல்லை, மேனேஜர் இல்லை, சர்க்கரை இல்லை, திருமூர்த்திகூட இல்லை. அந்த இடத்தை விட்டுக் கொடுக்கச் சொன்னால் எப்படி? கொடுக்க வேண்டியதில்லை, அதுதான் கடித்துவிட்டதே. ஆனால் கடித்தது வலது. முகாமிலும் வலதில் தெரிந்தது. இடது கடிக்கவில்லை. கடிக்காதது நல்லதா? நல்ல ஷூ கடிக்காது. நல்ல கால்? ஒரு காலில் கடிப்பது நல்ல செய்தி, இன்னொன்றில் கடிக்காதது நல்ல செய்தி, இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி நல்ல செய்தியாக இருக்க முடியும் என்று ஒரு சந்தேகம் மெதுவாக எட்டிப்பார்த்தது. தடி ஷூவையே வாங்கிக்கொண்டு போய்விடலாமா? அதில் இந்தக் கேள்வியே வராது. மெத்தைமேல் ஓடுகிறவனிடம் தரை தெரிகிறதா என்று யார் கேட்பார்கள்? ஆறு வருஷம் யாரும் கேட்கவில்லை. வசதியாக இருந்தது.

நிஜாம் புதுப் பெட்டியோடு வந்து முட்டிபோட்டான். கால்மேல் கை வைத்தபோது திருமூர்த்தி எப்போதும் போலக் கொஞ்சம் கூசிப் பின்னால் இழுத்துக்கொண்டான். நிஜாம் வலதைக் கழற்றினான். இடதைக் கழற்றினான். இடதைக் கழற்றி, பெட்டியில் வைக்கப்போனவன், உள்ளே ஏதோ உருளுகிற சத்தம் கேட்டு ஷூவைக் கவிழ்த்தான். ஒரு வெள்ளைப் பொட்டலம் விழுந்தது. புது ஷூ, புதுப் பை எதை வாங்கினாலும் உள்ளே கிடக்குமே, ஈரம் பிடிக்காமலிருக்க, சாப்பிடக் கூடாது என்று எழுதின பொட்டலம். அது. நசுங்கி, நெளிந்து, ஒரு மூலையில் கிழிந்து, உள்ளே இருந்த கண்ணாடி மணிகள் பாதி தூளாகியிருந்தன. மீதி மணிகள் ஷூவுக்குள்ளிருந்து பொலபொலவென்று தரையில் கொட்டின. சில திருமூர்த்தியின் சாக்ஸில் ஒட்டிக்கொண்டிருந்தன, விரல்களுக்குக் கீழே, நட்டநடுப் பாதத்தில்.

"அட! வலதுல இருந்ததை எடுத்துப் போட்டேனே, இதுல விட்டுட்டனாட்ட இருக்குதுங்ணா. சாரிங்ணா." நிஜாமுக்கு நிஜமாகவே வருத்தம். மணிகளைக் கையால் கூட்டினான். அப்புறம் நிமிர்ந்து, கள்ளங்கபடமில்லாமல் கேட்டான்: "இத்தனை நேரம் குத்தலீங்களா?"

நெறுக். அது மணல் இல்லை. அளவெடுத்துத் தைத்த மாதிரி. ஒரு உறுத்தல் இல்லை. அவன் சொன்ன வார்த்தையெல்லாம் அந்தக் கடையில் இன்னும் அப்படியே நின்றுகொண்டிருந்த மாதிரி இருந்தது, ஒவ்வொன்றும் திரும்பி அவனைப் பார்த்தது. 'என்ன வலி' என்றார் அப்பா. கையைக் கூப்பிக்கொண்டு நடந்தார். பொட்டலம் எவ்வளவு உயரம் இருக்கும், ஐந்து மில்லி? ஆறு? நூறில் ஒரு பங்கு மேட்டைக் கண்டுபிடிக்கிற ஆசாமி ஆறு மில்லி மேட்டின்மேல் நடந்தான், திரும்பினான், ஓடினான், பிரமாதம் என்றான். ஏதாவது சொல்ல வேண்டும், குத்தினதுங்க, சரி ஷூவே அப்படித்தான் போலன்னு விட்டுட்டேன் என்று சொல்லலாம், நிஜாம் நம்புவான். அந்தப் பொய் தயாராகவே இருந்தது, பக்கத்து வீட்டிலிருந்து ஓடிவந்து வாசலில் நின்றது. வாயைத் திறந்தான். கலாமணியைப் பார்த்தான்.

அவள் பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் மடியிலிருந்த மிக்ஸி ஜாடியை மெதுவாகப் பெஞ்சில் வைத்தாள். எழுந்தாள் என்று நினைத்தால், அவள் தரையில் உட்கார்ந்தாள், நிஜாமுக்குப் பக்கத்தில், சம்மணம்போட்டு. அந்தப் பக்கம் ஷூ பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். "ஏய், என்ன பண்றே, எந்திரி கலா, நாலு பேர் பாக்கறாங்க" என்றான். அவள் காதில் வாங்கவில்லை. அவன் இடது காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு சாக்ஸை உருவினாள். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் இன்னொரு காலை அதே மாதிரி மடியில் எடுத்து வைத்துக்கொண்டவள். பாதத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தாள். காயம் இல்லை, சிவந்திருந்தது, அவ்வளவுதான். அவள் விட்ட மூச்சு அவனுக்குக் கேட்டது.

"கண்ண மூடுங்க."

"எதுக்கு இப்ப..."

"மூடுங்க. அன்னைக்கு நர்ஸம்மாகிட்ட மூடுன மாதிரி இல்ல. நெசமா மூடுங்க."

திருமூர்த்திக்குக் காது இரண்டும் சூடாயிற்று. "உனக்கு..."

"வரிசையில உங்க பின்னாடி நாந்தானே நின்னேன். இமை ஆடுனதைப் பாத்துட்டுத்தான் நின்னேன்." அவள் குரல் தேய்ந்தது. "கேட்டா, எங்க நெசத்தைச் சொல்லிப்போடுவீங்களோன்னு நானும் கேக்காம இருந்துட்டனுங்க."

நிஜாம் எழுந்து, பெட்டியை அடுக்குகிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். திருமூர்த்தி கண்ணை மூடினான். முழுசாக. கோடு வெளிச்சம்கூட இல்லாமல், இமையைச் சேர்த்து இறுக்கி மூடினான். நாலு மாதத்துக்கு முன்னால் செய்திருக்க வேண்டியது. இருட்டு. இருட்டுக்குள் ஃபேன் சுற்றுகிறது, கீழே டவுன்பஸ் ஒன்று ஆரன் அடித்துக்கொண்டு திரும்புகிறது, ஏசிக் காற்று கணுக்காலில் படுகிறது, ஆமாம், கணுக்காலில் படுகிறது, அது தெரிகிறது. அதற்குக் கீழே காத்திருந்தான். இப்போது தொடுவாள். தொட்டால் எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே நினைக்கக் கூடாது, நினைத்தால் தொடாததும் தொட்ட மாதிரி இருக்கும். அவள் விரல் எப்படி இருக்கும் என்று தெரியும், நுனியில் கத்தி பட்டுப்பட்டுக் காய்த்திருக்கும், எப்போதும் கொஞ்சம் ஈரமாக இருக்கும். குதிகாலில் ஆரம்பிப்பாளா, பெருவிரலிலா? இல்லை, இன்னும் தொடவில்லை. அவளும் பயப்படுகிறாள், பாவம், கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அல்லது கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பாள், மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்கிறது. அழுது முடிக்கட்டும், அவசரமில்லை. இந்தத் தடவை ஏமாற்றக் கூடாது, தெரிந்தால் தெரிகிறது, தெரியாவிட்டால் தெரியவில்லை, வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும், அப்புறம் டாக்டரோ, ரப்பர் செருப்போ, அவள் கூட இருப்பாள். எவ்வளவு நேரமாயிற்று? ரொம்ப நேரமாகிற மாதிரி இருக்கிறது. ஆள் எழுந்து போய்விட்டாளா என்ன? இல்லை, மூச்சு கேட்கிறது, கிட்டத்தில்தான்.

"ம், நான் தயார். தொடு கலா" என்றான்.

அப்புறம் கலாமணி சொன்னாள்.

"தொட்டுட்டுத்தானுங்க இருக்கேன்."